கன்று நட்ட பிறகு

ஆகஸ்ட் பிறந்ததும் சென்னைப் பழக்கடைகளில் ‘சிம்லா ஆப்பிள்’ என்ற அட்டை ஏறிவிடும். பெட்டிக்குள் இருக்கும் பழம் சிம்லா மாவட்டத்தின் கோட்கட், கோட்காய், ஜுப்பல், ரோஹ்ரு வட்டாரங்களில் விளைந்ததாக இருக்கலாம். குல்லுவிலோ கின்னவுரிலோ பறித்ததாகவும் இருக்கலாம். எங்கே பறித்திருந்தாலும் அதை விளைவித்தவர் பெரும்பாலும் ஒரு சிறுவிவசாயிதான். இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் சுமார் ஒரு ஹெக்டேர். அதுவும் மலைச்சரிவில் படிப்படியாக, துண்டு துண்டாகக் கிடக்கும். அந்த மாநிலத்தில் 1950-51இல் ஆப்பிள் விளைந்த பரப்பு 400 ஹெக்டேர். இன்று அது ஒரு லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது.

காஷ்மீரின் விளைச்சல் இதைவிட அதிகம். ஆனால் அங்கே ஆப்பிள் பல நூற்றாண்டுப் பழக்கம். இமாச்சலில் மக்காச்சோளமும் உருளைக்கிழங்கும் விதைத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைக்குள் பழவிவசாயிகளாக மாறின. இந்த மாற்றம் எப்படி வந்தது என்று விசாரித்தால் எல்லோரும் முதலில் சொல்வது ஓர் அமெரிக்கரின் கதையை.

சாமுவேல் எவன்ஸ் ஸ்டோக்ஸ், பிலடெல்பியாவின் குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை. 1904இல் இந்தியாவுக்கு வந்து, சபாத்துவில் தொழுநோயாளிகளுக்குப் பணிசெய்து, பிறகு கோட்கட் பக்கம் குடியேறி உள்ளூர்ப் பெண்ணை மணந்தார். மலைமக்களைக் கூலியில்லாமல் சுமை தூக்கவைத்த ‘பேகார்’ முறையை எதிர்த்துப் போராடினார். 1921இல் ஆங்கில அரசு அவரைச் சிறையில் வைத்தது. பின்னாளில் இந்துவாகி சத்தியானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டார். 1916 வாக்கில் அமெரிக்காவிலிருந்து ரெட் டெலிஷியஸ் கன்றுகளை வரவழைத்துத் தன் நிலத்தில் நட்டார். அக்கம்பக்கத்தாருக்கும் கொடுத்து வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். அதற்குச் சுமார் நாற்பது ஐம்பது ஆண்டு முன்பே குல்லு பள்ளத்தாக்கின் பந்த்ரோலில் ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஆப்பிள் தோட்டம் போட்டிருந்தார். ஆனால் அவை ஆங்கிலேயர் நாக்குக்கேற்ற புளிப்பு ரகங்கள். இந்திய நாக்குக்கு இனிப்பும் சிவப்பும் வேண்டும் என்பதைப் பிடித்தது ஸ்டோக்ஸ் கொண்டுவந்த ரகம்தான்.

அழகான கதை, உண்மையும்கூட. ஆனால் கணக்கு உதைக்கிறது. கன்று வந்தது 1916இல். முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் மாநிலம் முழுக்க 400 ஹெக்டேர்தான். நல்ல ரகம் இருந்தது, வழிகாட்ட ஆள் இருந்தார், கன்று இலவசமாகவே கிடைத்தது. பிறகு ஏன் பரவவில்லை? பரவத் தொடங்கிய காலத்தில் புதிதாக என்ன வந்தது? சிறுவிவசாயிக்குப் பழப்பயிரில் உதவ நினைக்கும் எந்த அரசும் தொண்டு நிறுவனமும் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. பெரும்பாலானவை இதைத் தாண்டிக் குதித்துக் கன்று விநியோகத்துக்குப் போய்விடுகின்றன. கன்று கொடுப்பதைப் படம் எடுக்கலாம். எண்ணி அறிக்கையில் எழுதலாம்.

புதிதாக வந்தவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது நிலம். 1953இல் பெருநில உடைமைகளை ஒழிக்கும் சட்டம் வந்தது. 1972ஆம் ஆண்டின் குத்தகை, நிலச் சீர்திருத்தச் சட்டம், விவசாயி அல்லாத எவரும் அரசின் அனுமதியின்றி அங்கே விளைநிலம் வாங்க முடியாது என்று தடுத்தது. ஆப்பிளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். விதையிலிருந்து வளர்த்த வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய பழைய முறை ஆப்பிள் மரம் காய்க்க ஏழெட்டு ஆண்டு ஆகும். நிறைந்து காய்க்கப் பதினைந்து. அடுத்த ஆண்டு நிலம் தன்னிடம் இருக்குமா என்று தெரியாத குத்தகைதாரர் நெல்லும் சோளமும் விதைப்பார், மரம் நடமாட்டார். உழுபவருக்கு உரிமை உறுதியான பிறகே மலைச்சரிவுகளில் மரம் ஏறியது.

அடுத்தது சாலை. ஆப்பிள் எடைமிகுந்த பழம், அடிபட்டால் கறுத்துவிடும். கோவேறு கழுதை முதுகிலும் மனித முதுகிலும் ஏற்றி இறக்கினால் கூலியே பழத்தைத் தின்றுவிடும். முதல் முதலமைச்சர் யஷ்வந்த் சிங் பர்மார் சாலைக்கும் தோட்டக்கலைக்கும் கொடுத்த முன்னுரிமையை அம்மாநிலத்தார் இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள். சோலன் அருகே நவுனியில் 1985இல் தொடங்கிய தோட்டக்கலை, வனவியல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்குகிறது. சாலை வந்தால்தான் பழம் டெல்லி ஆசாத்பூர் மண்டிக்குப் போகும். சாலை போனால் என்ன ஆகும் என்பதை 2023 பருவமழை காட்டியது. வெள்ளத்திலும் நிலச்சரிவிலும் சாலைகள் அறுந்து, லாரி வராமல், ரோஹ்ரு பக்கத்தில் அறுவடை செய்த பழத்தை ஓடையில் கொட்டினார்கள். கொட்டிய விவசாயிக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பழம் ஓடைக்குப் போனதற்குச் சாலை அறுந்ததே காரணம். அதற்காக யாருக்கும் அபராதம் இல்லை.

காய்க்கும்வரை வரும் ஏழெட்டு ஆண்டு இடைவெளியைக் குடும்பங்கள் தங்கள் சாமர்த்தியத்தால் கடந்தன. எல்லாப் படிநிலத்திலும் ஒரே சமயத்தில் மரம் வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினார்கள். மரங்களுக்கு நடுவே பட்டாணி, ராஜ்மா, உருளைக்கிழங்கு விதைத்தார்கள். இன்றைய திட்ட அறிக்கைகள் ‘ஊடுபயிர்’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் இந்த ஏற்பாடுதான் அவர்களைப் பட்டினியிலிருந்து காத்தது.

மரம் வளர்ந்துவிட்டால் வேலை முடிந்ததா? ஆப்பிளின் சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. டெலிஷியஸ் ரகங்கள் தம் மகரந்தத்தால் காய்பிடிப்பதில்லை. கோல்டன் டெலிஷியஸ், ரெட் கோல்ட் போன்ற வேறு ரகம் பக்கத்தில், அதே நாட்களில் பூத்திருக்க வேண்டும். தேனீக்கள் இரண்டுக்கும் இடையே அலைய வேண்டும். தோட்டத்தில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ மகரந்தம் தரும் மரங்களாக இருக்கட்டும் என்பது பரிந்துரை. ஆனால் சந்தையில் சிவப்பு டெலிஷியசுக்குக் கிடைக்கும் விலை மஞ்சள் பழத்துக்குக் கிடைக்காது. ஐம்பது மரம் வைத்திருப்பவர் அதில் பதினைந்தை விலை குறைந்த ரகத்துக்கு ஒதுக்குவாரா? பக்கத்துத் தோட்டத்தில் கோல்டன் இருக்கட்டும், தேனீ கொண்டுவந்து சேர்த்துவிடும் என்று நினைப்பார். பக்கத்துத் தோட்டக்காரரும் அப்படித்தான் நினைப்பார். பல பள்ளத்தாக்குகளில் இப்படியே சிவப்பு மரங்கள் மட்டும் நிறைந்து, பூ கொட்டி, காய் இல்லாமல் போனது. ஒருவர் பூக்காலத்தில் பூச்சிமருந்து அடித்தால் நான்கு தோட்டத்துத் தேனீக்கள் சாகின்றன என்ற கணக்கும் இதோடு சேர்ந்துகொண்டது.

இதற்குக் கண்டுபிடித்த வழிகள் சுவையானவை. கோல்டன் மரத்தின் பூங்கொத்துகளை வெட்டித் தண்ணீர்ப் பையில் செருகி டெலிஷியஸ் மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். டெலிஷியஸ் மரத்தின் ஒரு கிளையில் மகரந்த ரகத்தை ஒட்டுக்கட்டினார்கள். தேனீப் பெட்டிகளைப் பூக்கும் வாரங்களுக்கு மட்டும் வாடகைக்கு எடுக்கும் வழக்கம் வந்தது. தோட்டக்கலைத் துறையும் பெட்டி கொடுத்தது, தனியார் தேனீ வளர்ப்பவர்களும் கொண்டுவந்தார்கள். சீனாவின் சிச்சுவான் மாகாணத்து மாவ்சியான் பகுதியில் நிலைமை இன்னும் மோசமாகி, மனிதர்கள் மரமேறித் தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவினார்கள். இமாச்சல் அந்த இடத்துக்குப் போகவில்லை. ஆனால் தனித்தனி விவசாயிகளுக்குத் தனித்தனியாக ஆலோசனை சொல்வதால் தீராத சிக்கல் இது. ஒரு ஊரே உட்கார்ந்து எந்தச் சரிவில் எந்த ரகம், எந்த வாரம் மருந்தடிப்பு என்று பேசினால்தான் தீரும். 1982-83இல் சொறிநோய் பரவித் தோட்டங்களை அழித்தபோதும் இதே உண்மைதான் தெரிந்தது: ஒருவர் மருந்து அடிக்காமல் விட்டால் அவரோடு ஊரும் சேர்ந்து இழக்கும்.

இனி பெட்டிக்கு வருவோம். பெட்டியை அற்பமாக நினைப்பவர்கள் ஆப்பிள் வியாபாரத்தை அறியாதவர்கள். முதலில் மரப்பெட்டிகள். அவற்றுக்காக மலைக்காட்டின் ஃபர், ஸ்ப்ரூஸ் மரங்கள் சாய்ந்தன. காட்டைக் காக்க அட்டைப்பெட்டி வந்தது. அதில் செல்வாக்குப் பெற்றது, மூடி மேலேறி இறங்கும் இரண்டு துண்டுப் பெட்டி. பெயரளவில் இருபது இருபத்துநான்கு கிலோ பிடிக்க வேண்டிய பெட்டி. மூடி மேலேறுவதால் இன்னொரு அடுக்கு பழம் வைக்கலாம். பிறகு இன்னும் ஒன்று. விலையோ கிலோவுக்கு இல்லை, பெட்டிக்கு. வாங்குபவர் ‘நிறைந்த’ பெட்டிக்கே நல்ல விலை சொன்னார். ஒரு விவசாயி இருபத்தெட்டு கிலோ அடைத்தால் அடுத்தவர் இருபத்துநாலோடு மண்டியில் நிற்க முடியாது. முப்பது கிலோவைத் தாண்டிய பெட்டிகளும் போயின. பெட்டிக்கு ஐந்தாறு கிலோ என்றால் ஆயிரம் பெட்டி அனுப்பிய குடும்பம் ஒரு பருவத்தில் ஐந்தாறு டன் பழத்தை விலை வாங்காமல் கொடுத்துவிட்டது. நம்மூர் மண்டிகளில் காய்கறி மூட்டைக்குக் ‘கழிவு’ பிடிப்பதை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இதைத் தனியொரு விவசாயியால் நிறுத்த முடியாது. நல்லவராக இருந்தால் நஷ்டப்படுவார். விவசாய அமைப்புகள் பல ஆண்டு கேட்டன. 2023 பருவத்தில் கிலோ கணக்கில்தான் விற்க வேண்டும், பெட்டி 24 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று அரசு ஆணையிட்டது. 2024இல் 20 கிலோ மட்டுமே பிடிக்கும், மேலேறாத ஒரே துண்டுப் பெட்டி கட்டாயமானது. ஒட்டுக்கட்டும் நுட்பமும் உரப் பரிந்துரையும் பல தசாப்தங்களாக ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்த மாநிலத்தில், பெட்டியின் அளவை ஒழுங்குபடுத்த 2024 வரை ஆனது. என் பார்வையில், சிறுவிவசாயிக்கு அரசு செய்த மலிவான, பெரிய உதவிகளில் இது ஒன்று. கன்று விநியோகத்தைப் போல இதற்குப் பட்ஜெட்டில் பெரிய தொகை தேவைப்படவில்லை. வாங்குபவரோடு மோதும் துணிச்சல் தேவைப்பட்டது. அதனால்தான் இவ்வளவு தாமதம்.

கமிஷன் மண்டிக்காரரோடு விவசாயிக்கு உள்ள உறவும் பெட்டியைப் போலவே சிக்கலானது. பனிக்காலத்தில் பணம் தேவைப்படும்போது முன்பணம் தருபவர் அவர். மருந்துக்கும் பெட்டிக்கும் கடன் தருபவரும் அவர்தான். வங்கி கேட்கும் காகிதம் எதையும் அவர் கேட்பதில்லை. பதிலுக்குப் பழம் அவர் கைக்கே போக வேண்டும். விலை அவர் சொன்னது. அவரை வில்லனாக்கி எழுதுவது எளிது. ஆனால் முன்பணத்துக்கு மாற்று கொடுக்காமல் மண்டிக்காரரை மட்டும் ஒழிக்க முயன்ற திட்டங்கள் நிலைப்பதில்லை.

விற்க முடியாத பழத்தின் கதையும் உண்டு. ஆலங்கட்டி தழும்பு விழுந்தது, நிறம் ஏறாதது, சிறுத்தது என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பங்கு கழியும். அதையும் மண்டிக்கு அனுப்பினால் நல்ல பழத்தின் விலையும் சரியும். எனவே மாநில அரசு சந்தைத் தலையீட்டுத் திட்டத்தின் கீழ் அந்தக் கழிபழத்தை நிர்ணய விலைக்கு வாங்குகிறது. 2023இல் கிலோ 12 ரூபாய். 1974இல் தொடங்கிய மாநிலத் தோட்டக்கலை விளைபொருள் கழகம் அதைச் சாறாகப் பிழிகிறது. பணம் தாமதமாக வருகிறது, பணத்துக்குப் பதில் மருந்தும் கருவியும் தலையில் கட்டுகிறார்கள் என்பது விவசாயிகளின் நீண்டநாள் புகார். ஆனாலும் இந்த ஏற்பாட்டை விட்டுக்கொடுக்க அவர்கள் தயாரில்லை. 1990 ஜூலையில் ஆதரவு விலை கேட்டுப் போராடியவர்கள்மீது கோட்கட்டில் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள். மரம் நடுவது தொடர்பாக யாரும் சாகவில்லை. விலை தொடர்பாகச் செத்திருக்கிறார்கள்.

சிறிய நிலத்தில் இதைவிட நன்றாகச் செய்ய முடியுமா என்றால், முடியும். இத்தாலியின் வடகோடியில் தென் டிரோல் என்ற மலைப்பகுதி. அங்கும் குடும்பத் தோட்டங்கள்தான், சராசரியாக இரண்டு மூன்று ஹெக்டேர். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆப்பிளில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. மரம் விவசாயியுடையது, குளிர்கிடங்கும் தரம்பிரிக்கும் இயந்திரமும் விற்பனையும் அவரே பங்குதாரராக உள்ள கூட்டுறவுச் சங்கத்துடையவை. பழத்தை ஒப்படைத்துவிட்டு, தரத்துக்கேற்ற தொகையை வாங்கிக்கொள்கிறார். இலையுதிர் காலத்தில் பறித்ததை அடுத்த கோடைவரை வைத்து விற்கும் லாபம் அவர் கைக்கே திரும்புகிறது. இமாச்சலில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் நவீனக் குளிர்கிடங்குகளை 2006 முதல் பெரிய தனியார் நிறுவனங்கள் கட்டின. அவை அறிவிக்கும் விலை விவசாயிக்கு ஓர் அளவுகோலாகப் பயன்படுகிறது. பெட்டிச் செலவும் மிச்சம். ஆனால் நிறம் நன்றாக ஏறிய பழத்துக்கே அங்கே மதிப்பு. சேமித்து விற்கும் லாபம் கிடங்கு உரிமையாளருக்கே. கூட்டுறவு இமாச்சலில் ஏன் அந்த அளவுக்கு வேரூன்றவில்லை என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

இதற்கிடையே பனி குறைந்துவிட்டது. ஆப்பிள் மொட்டு விழிக்கக் குளிர்காலத்தில் 7.2 டிகிரி செல்சியசுக்குக் கீழே குறிப்பிட்ட மணிநேரம் உறங்கியிருக்க வேண்டும். டெலிஷியஸ் ரகங்களுக்கு அது ஆயிரம் மணிநேரத்தையொட்டி. குறைந்தால் மொட்டுகள் முன்னும் பின்னுமாக விரிந்து காய்பிடிப்பு கெடுகிறது. கீழ்ச்சரிவுகளில் ஆப்பிளை வெட்டிவிட்டு மாதுளையும் காய்கறியும் வைத்திருக்கிறார்கள். தோட்டங்கள் மேலேறி, ஒருகாலத்தில் ஆப்பிளுக்குக் குளிர் அதிகம் என்று கருதப்பட்ட கின்னவுர், லாஹவுல் உயரங்களுக்குப் போய்விட்டன. ஆப்பிள் மேலே போகலாம். கீழ்ச்சரிவு விவசாயி தன் நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

அவருக்கு இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்திய எம்9 போன்ற குட்டை வேர்ச்செடிகளில் நெருக்கி நடுவது. இரண்டு மூன்று ஆண்டிலேயே காய்க்கும். விளைச்சல் பல மடங்கு. உலக வங்கிக் கடனில் 2016இல் தொடங்கிய தோட்டக்கலைத் திட்டம் இந்த வழியைத்தான் முன்வைத்தது. ஆனால் எம்9 வேர் மேலோட்டமானது. தாங்கக் கம்பியும் தூணும் வேண்டும், சொட்டுநீர் வேண்டும், ஆலங்கட்டி வலை வேண்டும். மானாவாரிச் சரிவில் அரை ஹெக்டேர் வைத்திருப்பவர் தண்ணீரில்லாமல் இதை நட்டால் முதல் வறட்சியிலேயே கைமுதல் போகும். மானியம் வலைக்குக் கிடைக்கிறது. தண்ணீருக்கு முதலில் ஏற்பாடு செய்யாத எந்த நெருக்கி நடவும் பணக்கார விவசாயிக்கான திட்டமே.

இன்னொரு வழி, குறைந்த குளிரில் காய்க்கும் ரகங்கள். இஸ்ரேலில் உருவான ‘அன்னா’ அவற்றில் பேர்பெற்றது. பிலாஸ்பூர் மாவட்டத்தின் பனியாலா கிராமத்தில், சுமார் 700 மீட்டர் உயரத்தில், விவசாயி ஹரிமன் சர்மா தேர்ந்தெடுத்து வளர்த்த எச்ஆர்எம்என்-99 இன்னொன்று; அவருக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாராட்ட வேண்டிய உழைப்பு. இவை கோடையில், மற்ற ஆப்பிள் சந்தைக்கு வராத நேரத்தில் பழுக்கின்றன, அதுவே பலம். வெப்பத்தில் பழுப்பதால் நெடுநாள் இருப்பு வைக்க முடியாது, அதுவே பலவீனம். பக்கத்து ஊரில் உடனே விற்க வழியிருப்பவருக்கு ஏற்றது, தொலைதூர மண்டியை நம்புபவருக்கு அல்ல.

இந்தக் கன்றுகள் இப்போது தமிழ்நாட்டிலும் விற்பனைக்கு வருகின்றன; ஆகவே நம் பக்கத்துக்கு ஒரு வார்த்தை. கொடைக்கானலும் நீலகிரியும் இரண்டாயிரம் மீட்டர் உயரம் தொட்டாலும் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவை. இமயமலையின் நீண்ட குளிர் இங்கே இல்லை. அதனால்தான் இங்கே பிளம்ஸும் பேரியும் பீச்சும் நிலைத்தன, ஆப்பிள் ஓரமாகவே நின்றது. குளிர்காலமே இல்லாத ஜாவாவில், ‘பத்து’ (Batu) என்ற ஊரின் மலைப்பகுதியில், அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகளைக் கையால் உருவி மொட்டை விழிக்கவைத்து ஆண்டுக்கு இரண்டு போகம் ஆப்பிள் எடுத்தார்கள். வேலையாள் மலிவாக இருந்தவரை அது ஓடியது. மண் தேய்ந்து வெப்பமும் ஏறிய பிறகு அங்கும் மரங்கள் வெட்டப்படுகின்றன.

ஆப்பிள் நட நினைக்கும் மலை விவசாயிகளே, கன்று விற்பவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த ரகத்துக்கு எத்தனை மணிநேரக் குளிர் வேண்டும்? எந்த வேர்ச்செடியில் கட்டியது, அதற்குக் கோடையில் எவ்வளவு தண்ணீர்? மகரந்தத்துக்கு எந்த ரகத்தைப் பக்கத்தில் நடுவது? காய்த்த பழத்தை எந்த ஊரில், யார், என்ன எடையில் வாங்குவார்கள்? முதல் மூன்றுக்கு விடை கொடைக்கானலில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்கலாம். நான்காவதற்கு விடை கிடைக்கும்வரை கன்று வாங்க வேண்டாம்.